மருங்குசூழ்தல்: ஒரு போர்வினையின் பொருளும் ஆட்சியும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரேயொரு வினைச்சொல்லைப் பற்றி ஒரு மாலைப்பொழுது முழுதும் பேசுவதா என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஒரு மொழியின் வலிமை அதன் பெயர்ச்சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. வினைச்சொற்களின் உயிர்ப்பில் இருக்கின்றது. பெயரைக் கடன் வாங்கிய மொழி பிழைத்துக்கொள்ளும். வினையைக் கடன் வாங்கிய மொழி நடக்கக் கால் இல்லாததாகும். ஆகவே ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அதன் பொருள் என்ன, அதனைத் தமிழில் எங்ஙனம் சொல்வது, எங்கே ஆள்வது, எங்கே ஆளலாகாது என்று காண்போம்.

அவ்வினை ஆங்கிலத்தில் 'அவுட்பிளாங்க்' என்று வழங்குவது. போர்க்களத்தில் பிறந்த சொல். 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் ஆட்சி பெற்றுப் பின்னர் அரசியல், வணிகம், வழக்குமன்றம், விளையாட்டு என எல்லாக் களங்களிலும் புகுந்துவிட்டது. ஒரு கட்சி மற்றொரு கட்சியை 'அவுட்பிளாங்க்' செய்தது என்று ஆங்கிலச் செய்தித்தாள் எழுதுகின்றது. அதனைப் பார்த்து எழுதும் நம் செய்தித்தாள் என்ன செய்கின்றது? 'வியூகம் வகுத்து வீழ்த்தியது' என்கின்றது. அல்லது 'முறியடித்தது' என்கின்றது. அல்லது 'ஓரங்கட்டியது' என்கின்றது. இம்மூன்றும் பொருந்தா.

முதலில் 'வியூகம்' என்பதைப் பாருங்கள். அது வடசொல், படையை நிறுத்தும் ஒழுங்கைக் குறிப்பது. அதற்கு 'அணி' என்றும் 'வகுப்பு' என்றும் நம்மிடம் சொல் உண்டு. படையை வகுத்தல், அணிவகுத்தல் என்று இன்றும் சொல்கின்றோம். ஆனால் அது நின்றநிலை. நாம் தேடுவது இயக்கம். படை நிற்கும் ஒழுங்கு வேறு, நின்ற படை நகர்ந்து செய்யும் செயல் வேறு. 'முறியடித்தல்' என்பதோ நேர்முகமாக மோதி எதிரியின் முனையை முறித்தல். நாம் தேடும் வினை, மோதாமலே செல்லும் செல்கை. இனி, 'ஓரங்கட்டுதல்' என்பது நம் மக்கள் வாயிற் பிறந்த அழகிய சொல். எதிரியை நடுவிலிருந்து தள்ளி ஓரத்தில் நிறுத்துதல் என்பது அதன் பொருள். 'அவுட்பிளாங்க்' என்பதில் எதிரி நடுவிலேயே நிற்கின்றான். அவன் நின்ற இடம் மாறவில்லை. நாம்தாம் ஓரத்தின் வழியே போகின்றோம். ஆகவே ஓரங்கட்டுதல் இதற்கு நேர் தலைகீழான சொல். நல்ல தமிழ்ச்சொல்லையே எடுத்துத் தவறான இடத்தில் வைத்தால் அச்சொல்லும் கெடும், செய்தியும் கெடும்.

அப்படியாயின் அவ்வினையின் உண்மைப் பொருள் யாது? அதனை உணர ஒரு படையின் உறுப்புகளை அறிதல் வேண்டும். படையை ஓர் உடலாகவே நம் முன்னோர் கண்டனர். முன்னே செல்லும் உறுப்புத் தார். தூசி என்றும் கூறுவர். திருவள்ளுவரும் படைமாட்சி அதிகாரத்தில் தார் என்னும் சொல்லை இப்பொருளில் ஆண்டுள்ளார். பின்னே வரும் உறுப்புக் கூழை. பிரிந்து நிற்கும் உறுப்புக் கை. திருநெல்வேலி மாவட்டத்துத் திருவாலீசுவரத்துச் சோழர்காலக் கல்வெட்டில் ஒரு படை தன்னை 'மூன்றுகை மாசேனை' என்று குறித்துக்கொள்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'வலங்கை வேளைக்காரப் படைகள்' காணப்படுகின்றன. கை என்னும் சொல் படையுறுப்பிற்கு எத்துணை இயல்பாகப் பொருந்தியிருந்தது என்பதற்கு இவை சான்று.

உடலுக்கு முகம் ஒரு பக்கந்தான். கண்ணும் முன்னோக்கியே உள்ளது. கையும் முன்னோக்கியே மடங்கும். படையும் அவ்வாறே. வரிசையாய் நிற்கும் மறவர் அனைவரும் முன்னே நோக்கி நிற்பர். வேலும் வில்லும் துமுக்கியும் முன்னோக்கியே நீட்டப்பட்டிருக்கும். முன்னே ஆயிரம் படைக்கலம் நீண்டிருக்கும் அணியில், பக்கத்திற் பார்த்தால், விளிம்பில் நிற்கும் சிலருடைய கைக்கலங்களே எதிர்ப்படும். ஒருவன் சட்டெனத் திரும்பலாம். ஓர் அணி சட்டெனத் திரும்ப இயலாது. திரும்ப முயன்றால் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஒழுங்கு குலையும். மேலும், படையின் பின்னேதான் அதன் சோறும், மருந்தும், ஓலை கொண்டுவருவோன் வழியும், பின்வாங்கும் பாதையும் உள்ளன. பக்கத்தைக் கடந்தவன் இவற்றையெல்லாம் பற்றிக்கொள்கின்றான். ஆகவே, எதிரியின் முகத்தை விடுத்து, அவன் அணியின் விளிம்பைக் கடந்து, பக்கத்திலோ பின்னிலோ சென்று நிற்றல் என்பதுதான் இவ்வினையின் பொருள். தாக்குதல் இதற்குப் பின்னர் வருவது. பல வேளைகளில் தாக்காமலே எதிரி இடம்விட்டுப் பெயர்வான். இதனை உள்ளத்திற் கொள்க.

வரலாறு இதற்குச் சான்று நிரம்பக் காட்டுகின்றது. கி.மு. 480இல் பாரசீகப் பேரரசன் செர்க்சசின் பெரும்படையைத் தெர்மாப்பிலைக் கணவாயில் கிரேக்கர் தடுத்து நின்றனர். மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகிய வழி. இரண்டு நாள் நேர்முகமாக மோதியும் பாரசீகர்க்கு ஒன்றும் கைகூடவில்லை. எபியால்தீசு என்பான் மலைமேற் செல்லும் ஒற்றையடிப்பாதையைக் காட்டிக்கொடுத்தான். அப்பாதையைக் காக்க நின்ற போக்கிய நாட்டார் 1,000 பேர் விலகிப் போயினர். மூன்றாம் நாள் கிரேக்கரின் பின்னே பாரசீகர் நின்றனர். இலியோனிதாசும் அவனுடைய 300 சுபார்த்த மறவரும் மாண்டது அதன்பின்னரே. இரண்டு நாள் முட்டியும் திறவாத வழி, ஒரு மலைப்பாதையால் திறந்தது.

கி.மு. 216இல் இத்தாலி நாட்டுக் கன்னேயில் அன்னிபால் செய்தது இதனினும் வியப்பிற்குரியது. உரோமர் படை பெரிது; அவன் படை சிறிது. அவன் தன் அணியின் நடுவை மெலிதாக்கி முன்னே வளைத்து நிறுத்தினான். இரு கைகளிலும் உரம் மிக்க ஆப்பிரிக்கக் காலாட்களை நிறுத்தினான். உரோமர் நடுவைத் தாக்கினர்; நடு பின்வாங்கியது. வென்றோம் என்று உரோமர் மேலும் மேலும் உள்ளே நுழைந்தனர். நுழைய நுழைய இருபுறத்துக் கைகளும் அவர்தம் இரு பக்கங்களிலும் மடங்கின. குதிரைப்படை பின்னே வந்து அடைத்தது. பழைய வரலாற்றாசிரியர் இலிவியின் கணக்கில் உரோமருள் மாண்டவர் 45,000க்கு மேல். முன்னேறிச் செல்வது போன்று தோன்றிய அவ்வேளையில்தான் அவர்கள் அழிந்துகொண்டிருந்தனர்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். முதல் உலகப்போருக்குப்பின் பிரஞ்சியர் செருமன் எல்லையில் மாசினோ அரண்வரிசையை எழுப்பினர். நிலத்தடி அறைகள், இரும்புக் கூண்டுகள், சுழலும் குண்டெறி பொறிகள் கொண்ட அரண்கள் அவை. 1940 மே திங்களில் செருமானியர் பெரும்படை அவ்வரண்வரிசையை முட்டித் திறக்க முயலவில்லை. அதற்கு வடக்கே, பெரும்படை செல்லவியலாது என்று எண்ணப்பட்ட ஆர்தென்சுக் காட்டின் வழியே இரும்புக்காப்பு ஊர்திகளைச் செலுத்தி, மே 13இல் செதானில் மியூசு ஆற்றைக் கடந்து, மே 20இல் ஆங்கிலக் கால்வாய்க் கரையை அடைந்தனர். அரண் இடியவில்லை, ஆனால் அரணுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

நம் உறவினர் வாழ்ந்த மண்ணிலும் இது நிகழ்ந்தது. 1941 திசம்பர் 8இல் சப்பானியர் மலேயாவின் வடகிழக்கே கோத்தபாருவில் இறங்கினர். பிரித்தானியப் படைத்தலைவர்கள் சாலைகளைக் காத்தனர். சாலையின் இருபுறமும் காடும் பால்மரத் தோட்டமும் சேறும் உள்ளன. அவற்றின் வழியே படை வாராது என்று நம்பினர். சப்பானியரோ சாலையில் ஒரு பகுதியை நிறுத்தி மோதிக்கொண்டே, மற்றொரு பகுதியைத் தோட்டங்களின் ஊடே மிதிவண்டியிலும் நடையிலும் அனுப்பினர். மேற்குக் கடற்கரையில் சிறு படகுகளில் ஏற்றிப் பின்னே கொண்டுபோய் இறக்கினர்.

பேரா மாநிலத்துக் கம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையும் வெளியும் சேர்ந்த நல்ல காப்பிடம் அது. பிரித்தானியரும் இந்தியரும் கலந்த படை அங்கே 1941 திசம்பர் 30இலிருந்து உறுதியாக நின்றது. சப்பானியரின் நேர்முகத் தாக்குதல்களைக் கடும்போரிட்டுத் தடுத்தது. களத்தில் அது தோற்கவில்லை. ஆயினும் தென்மேற்கே கடற்கரையில், தெலுக் அன்சன் பக்கத்தில் சப்பானியர் இறங்கிவிட்டனர் என்ற செய்தி வந்தது. பின்வழி அடைபடும். ஆகவே 1942 சனவரி 2ஆம் நாள் இரவு, தோற்காத அப்படை தான் காத்த இடத்தைத் தானே விட்டுப் பின்வாங்கியது. நான் முன்னர்க் கூறிய பொருளை, தாக்குதலன்று, கடந்துசென்று நிற்றலே இவ்வினை என்பதை, கம்பாரைப் போல் தெளிவாகக் காட்டும் களம் வேறில்லை.

இங்ஙனமே பின்வாங்கிப் பின்வாங்கிச் சனவரி 31இல் அப்படை சிங்கப்பூர்த் தீவுக்குள் ஒடுங்கியது. அங்கும் பெர்சிவல் வடகிழக்குக் கரையில் எதிரியை எதிர்பார்த்தார். யமசித்தாவின் படை பிப்பிரவரி 8ஆம் நாள் இரவு வடமேற்குக் கரையில் இறங்கியது. பிப்பிரவரி 15இல் சிங்கப்பூர் பணிந்தது. அந்தத் தோட்டங்களிற் பால் வெட்டி வாழ்ந்த பல்லாயிரவர் நம் தமிழ்மக்கள். படைத்தலைவர் காக்க மறந்த பக்கம் அவர்கள் குடியிருந்த இடம். பின்னர்ச் சயாம் பருமா இருப்புப்பாதைக்கென அவர்களைச் சப்பானியர் இழுத்துச் சென்றதும், அங்கே நோயாலும் பசியாலும் பல்லாயிரவர் மாண்டதும் நாம் மறக்கவியலாதவை. ஒரு போர்வினையின் பொருளை நாம் ஆராயும்போது, அவ்வினை யார் தலையில் விழுந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இனி, தமிழில் இதற்கு உரிய சொல் யாது? அருகருகே நிற்கும் வினைகளை முதலிற் பிரித்துக் காண்போம். 'முற்றுதல்' என்பது கோட்டையை நாற்புறமும் அடைத்து நிற்றல். தொல்காப்பியர் உழிஞைத்திணையில் வைப்பது. 'வளைத்தல்' என்பது வட்டம் நிறைவுறச் சூழ்தல். 'ஊடறுத்தல்' என்பது நடுவே பிளந்து புகுதல். 'மடக்குதல்' என்பது எதிரி வரிசையை மடியச் செய்து அகப்படுத்தல். இவை யாவும் நல்ல சொற்கள். தத்தம் இடத்தில் ஆளத்தக்கவை. எனினும் நாம் தேடும் பொருள் இவற்றின் முன்னிலையில் நிற்பது. பக்கத்தைக் கடந்தபின் வளைக்கலாம், முற்றலாம், மடக்கலாம், கடத்தலே முதல்.

'பக்கம்' என்னும் சொல்லை வைத்து ஆக்கலாமே என்பர். அச்சொல்லைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும்; 'பக்கவாட்டுத் தாக்குதல்' என்று எழுதுவோர் தாக்குதலைச் சொல்கின்றனர், செல்கையைச் சொல்லவில்லை. 'புறஞ்சூழ்தல்' என்றால் புறங்காட்டல், புறங்கூறல் முதலிய சொற்கள் வந்து குழப்பும்.

ஆகவே 'மருங்குசூழ்தல்' என்னும் சொல்லை உங்கள் முன் வைக்கின்றேன். இதன் இரு கூறுகளையும் பாருங்கள். மருங்கு என்பதற்குப் பக்கம் என்று பொருள். இடுப்பு என்றும் பொருள். மருங்குல் என்பதும் இடையே. ஆங்கிலத்துப் 'பிளாங்க்' என்பதோ பிரஞ்சிலிருந்து வந்தது; பிரஞ்சுச் சொல்லும் இடுப்பையும் விலாவையும் குறித்த பழைய செருமானிய இனச் சொல்லொன்றிலிருந்து கிளைத்தது என்பர் சொல்லாய்வாளர். ஆயிரங் கல் தொலைவில் வாழ்ந்த இரு வேறு மக்கள், படையை உடலாகக் கண்டு, அவ்வுடலின் மெலிந்த இடத்தை இடுப்பாகக் காணும் வாய்ப்புடைய சொல்லைத் தத்தம் மொழியில் வைத்திருந்தனர். விலாவெலும்பு முடிந்து இடுப்பெலும்பு தொடங்குமுன் உள்ள அவ்விடத்திற் காப்பெலும்பு இல்லை. கை ஓங்கியவனை அங்கே குத்தினால் வீழ்வான். படையின் மருங்கும் அத்தகையதே.

அடுத்து, சூழ்தல். இச்சொல்லின் சிறப்பை ஆங்கிலச்சொல் பெறவில்லை. சூழ்தல் என்றால் சுற்றிவருதல். சூழ்தல் என்றால் எண்ணி ஆராய்தல். ஒரே வினைக்கு இரு பொருள். திருவள்ளுவர் காலத்தில் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து துணியும் அறிவு. வினைசெயல்வகை அதிகாரத்தைத் தொடங்குவதே அச்சொல்லால்தான். ஆய்ந்துரைக்கும் அமைச்சரைச் 'சூழ்வார்' என்றே அவர் குறிப்பார். பிற்காலத்திலேதான் சூழ்ச்சி என்பது வஞ்சகம் என்று இழிபொருள் பெற்றது. கால் சுற்றிவருவதும் கருத்துச் சுற்றிவருவதும் ஒரே செயலின் இரு நிலைகள் என்று கண்ட மொழி தமிழ். களத்தில் மருங்குசூழ்தல் என்றால் கால்களால் சுற்றுதல். மன்றத்தில் மருங்குசூழ்தல் என்றால் கருத்தால் சுற்றுதல். ஒரே சொல் இரண்டிற்கும் வலிந்திழுக்காமற் பொருந்துகின்றது.

'மறத்திற் சிறந்த தமிழர்க்கு இது தகுமா? முகத்திலும் மார்பிலும் புண்பட்டதையன்றோ நம் புலவர் பாடினர்?' என்று வினவுவோர் உளர். உண்மைதான். வலிமையை நாட்டுதலே நோக்கமாக இருவர் எதிர்நின்று பொருவது தும்பைத்திணை. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிற் பட்ட படைக்கலம் முதுகில் உருவிய புண்ணுக்கே நாணி வடக்கிருந்தான். அத்தகைய மானம் நம் பழைய உடைமை. ஆனால் அதே மரபில் வந்த திருவள்ளுவர், படைமாட்சிக்கும் படைச்செருக்கிற்கும் முன்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை, முப்பது குறட்பாக்களை, வைத்துள்ளார். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்றும், நீரில் முதலை வெல்லும், நீரைவிட்டு நீங்கின் பிற உயிர் அதனை வெல்லும் என்றும், சேற்றிற் காலாழ்ந்த யானையை நரி கொல்லும் என்றும் அவர் காட்டும் உவமைகள் யாவை? வலியவன் வலிமை செல்லாத இடத்தை மெலியவன் தேர்ந்துகொள்ளலாம் என்பதன்றோ? சொன்ன சொல்லை மீறுதல் வஞ்சகம். எதிரி காவாத வழியை அறிந்து செல்லுதல் அறிவு. இரண்டையும் ஒன்றாக்குதல் ஆகாது.

இனி, இவ்வினையை ஆளும் முறை. சூழ் என்பது உயிருள்ள தமிழ் வினை. மருங்குசூழ்கின்றனர், மருங்குசூழ்ந்தனர், மருங்குசூழ்வர். மருங்குசூழ்ந்த படை, மருங்குசூழாது நின்றவர், மருங்குசூழின், மருங்குசூழப்பட்டனர் என எவ்வெச்சமும் எம்முற்றும் இடர்ப்பாடின்றி அமையும். பெயராக்கின் மருங்குசூழ்வு. கன்னேயில் நிகழ்ந்ததை இருமருங்குசூழ்வு எனலாம்.

எடுத்துக்காட்டுகள் கூறுவேன். 'பாலத்தைக் காத்து நின்ற படையைப் பகைவர் மேற்புறத்தில் ஆற்றைக் கடந்து மருங்குசூழ்ந்தனர்.' இது நேர்ப்பொருள். 'கூலியைப் பற்றியே வழக்காட அணியமாய் வந்த ஆலைமுதலாளியைத் தொழிலாளர் வேலைநேரக் கணக்கை எடுத்துவைத்து மருங்குசூழ்ந்தனர்.' இது வழிப்பொருள். எதிரி ஒரு முகத்தைக் காத்து நிற்கின்றான், இவர்கள் வேறு வழியாய் வருகின்றனர். ஆனால், 'பெரும் ஒப்போலை வேறுபாட்டில் எதிரியை மருங்குசூழ்ந்தார்' என்றல் பிழை. அங்கே 'விஞ்சினார்' என்க. 'கூட்டத்திற்கு அழையாமல் அவரை மருங்குசூழ்ந்தனர்' என்றல் பிழை. அங்கே 'ஓரங்கட்டினர்' என்க. காத்து நிற்கும் முகம் ஒன்றும், காவாத வழி ஒன்றும், அவ்வழியே செல்லும் செல்கை ஒன்றும் ஆகிய மூன்றும் இருந்தாலன்றி இவ்வினையை ஆளற்க.

அரசியல் வரலாற்றிலிருந்து ஒன்று. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் 1866ஆம் ஆண்டு தாராளக் கட்சியார் வாக்குரிமையை ஓரளவு விரிக்கும் சட்டவரைவைக் கொண்டுவந்தனர். பழமைக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான திசுரேலி அதனை எதிர்த்தார், வரைவு தோற்றது, ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டே, 1867இல், அதே திசுரேலி அதனினும் அகன்ற வாக்குரிமைச் சட்டத்தைத் தாமே நிறைவேற்றினார். பழமைக் கட்சி உரிமையை மறுக்கும் என்னும் முகத்தை நோக்கியே நின்ற தாராளக் கட்சியார், அது தம்மைக் கடந்து அப்பாற் சென்று நிற்கக் கண்டு திகைத்தனர். இது மருங்குசூழ்வு. ஆயினும் 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றவர் தாராளக் கட்சியாரே என்பதையும் அறிக. மருங்குசூழ்ந்தவன் அக்களத்தை வெல்வான். போரை வெல்ல அது மட்டும் போதாது.

அன்பர்களே, இத்துணை நேரம் படைகளைப் பற்றிப் பேசினேன். இனி, நம் மொழியின் மருங்கைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகின்றேன்.

1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் உணர்வை ஊட்டிய நாள்தொட்டு நாம் எதனைக் காத்தோம்? பெயர்ச்சொற்களைக் காத்தோம். அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார். இவை பெரும் வெற்றிகள். எதிர்ப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் முகத்துக்கு முகம் நின்று தடுத்தோம். 1938இல் கட்டாய இந்தி வந்தபோதும், 1965இலும் தமிழர் எதிர்நின்றனர், உயிரும் ஈந்தனர். முகப்பு உறுதியாக இருந்தது.

மருங்கு? வகுப்பில் என் மாணவர் பேசுவதைக் கேட்கின்றேன். 'டிரை பண்ணினேன்', 'வெயிட் பண்ணு', 'திங்க் பண்ணிப் பார்', 'கால் பண்ணுகிறேன்', 'டிலீட் பண்ணிவிட்டேன்'. முயன்றேன், காத்திரு, எண்ணிப் பார், அழைக்கிறேன், அழித்துவிட்டேன் என்னும் ஐந்து வினைகள் அங்கே மாண்டு கிடக்கின்றன. 'பண்ணு' என்பது தமிழ்தானே என்பர். ஆம், தமிழ்தான். அதனாலன்றோ நாம் ஐயுறவில்லை! அந்தத் தமிழ்ச்சொல்தான் எந்த அயற்சொல்லையும் உள்ளே விடும் ஒற்றையடிப்பாதை. அயற்சொல் அசையாமல் நிற்கும். பண்ணு மட்டும் பண்ணினேன், பண்ணுவேன், பண்ணாதே என்று அதற்காக ஓடியாடும். காலம் காட்டுவது, இடம் காட்டுவது, எச்சமாவது எல்லாம் அந்த ஒரே வினை. மற்ற வினைகள் வேலையின்றித் துருப்பிடிக்கும். மாசினோ அரண்வரிசையைப் போலவே, அகரமுதலியில் அவை இடியாமல் நிற்கும். நாவில் அவற்றிற்கு வேலை இராது.

இப்பாதை புதிதும் அன்று. முன்னர் வடசொற்கள் வந்ததும் இதன் வழியேதான். 'யோசனை பண்ணு' வந்தது, எண்ணு பின்வாங்கியது. 'பிரயாணம் பண்ணு' வந்தது, செல் பின்வாங்கியது. பின்னர் யோசி, ஆரம்பி, சம்பாதி என அவை தாமே வினையாகிக் குடியேறின. ஒருமுறை காட்டப்பட்ட பாதையைக் காவாமல் விட்டதனால் அடுத்த படையும் அதிலேயே வந்துள்ளது. நான் சொல்லிய வினையையும் 'அவுட்பிளாங்க் பண்ணினான்' என்றே இளைஞர் கூறுவதை நினைத்துப் பாருங்கள். மருங்குசூழ்தலைச் சொல்லும் சொல்லே நம்மை மருங்குசூழ்ந்து வந்திருக்கின்றது!

ஆகவே நான் வேண்டுவது பெரிதொன்றும் அன்று. ஒரு கிழமைக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயிலிருந்தும் உங்கள் வீட்டார் வாயிலிருந்தும் வரும் 'பண்ணு' ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் அதற்குரிய தமிழ் வினையை எழுதுங்கள். மறுநாள் அவ்வினையைப் பேச்சில் ஆளுங்கள். பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், நகையாடாதீர்கள், 'டிரை பண்ணினேன்' என்று குழந்தை சொன்னால், 'முயன்றாயா? நன்று' என்று மறுமொழி கூறுங்கள். போதும். என் வகுப்பில் இதனைச் செய்து வருகின்றேன். மாணவர் ஒருவர் ஏட்டில் முதல் நாள் 38 'பண்ணு'க்கள் இருந்தன. அவற்றுள் 35க்கு உரிய தமிழ் வினையை அவரே எவர் உதவியுமின்றி எழுதியிருந்தார். எஞ்சிய மூன்றை வகுப்பார் கூடி ஆக்கினர். வினைகள் சாகவில்லை, அழைப்பார் இன்றி நிற்கின்றன.

கம்பாரில் நின்ற படையினர் தம் முகப்பை இழக்கவில்லை. பின்னே நேர்ந்ததை அறிந்தபோது காலங் கடந்திருந்தது. நமக்குக் காலம் இன்னும் கடக்கவில்லை. குறிப்பேட்டை நாளைக் காலையே தொடங்குங்கள். அடுத்த திங்கள் கூட்டத்திற்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். உரிய தமிழ் வினை கிட்டாதவற்றை எல்லோரும் சேர்ந்து ஆராய்வோம்.

 வாழ்க தமிழ்!